எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்? திகில் பட வரலாற்றாசிரியர் டிம் லூகாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிம் லூகாஸ் யார்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டியில் 1956இல் பிறந்தவர். திரைப்பட விமர்சகர், பத்திரிகை ஆசிரியர், வரலாற்றாசிரியர், நாவலாசிரியர். மனைவி டோனா லூகாஸுடன் சேர்ந்து ‘வீடியோ வாட்ச்டாக்’ என்ற பத்திரிகையை 1990 முதல் 184 இதழ்கள் வரை நடத்தினார். இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவைப் பற்றி 1,128 பக்கங்களில் ஒரு நூல் எழுதினார். படித்தவர்கள் ஒதுக்கிவைத்த மலிவான திகில் படங்களைக் கறாரான ஆய்வுக்கு உரியவையாக நிலைநிறுத்தியதில் இவருடைய பங்கு மிகப் பெரியது என்பது என் உறுதியான கருத்து.

‘கல்ட்’ திகில் படங்கள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

வெளிவந்த காலத்தில் மதிக்கப்படாமலோ சரியாக ஓடாமலோ போய், பிறகு தீராத பற்றுள்ள சிறு கூட்டம் ஒன்றைச் சம்பாதித்துக்கொண்ட படங்களை. பெரும்பாலும் குறைந்த செலவில் எடுக்கப்பட்டவை.

இவர் எப்போது எழுதத் தொடங்கினார்?

பதின்ம வயதிலேயே தொடங்கிவிட்டார். ‘சினிஃபன்டாஸ்டிக்’ பத்திரிகையில் 1972 முதல் இவருடைய விமர்சனங்கள் வந்தன. அந்தப் பத்திரிகையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இதன் முக்கியத்துவம் புரியும். அமெரிக்காவில் திகில் படங்களுக்கென்று 1958இல் வந்த ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ சிறுவர்களுக்கானது. புகைப்படங்களும் வேடிக்கையான துணுக்குகளும் அதில் நிறைந்திருக்கும். ஒரு தலைமுறையே அதைப் படித்து வளர்ந்தது. 1970இல் ஃபிரடெரிக் கிளார்க் இல்லினாய்ஸிலிருந்து கொண்டுவந்த சினிஃபன்டாஸ்டிக் அந்தச் சிறுவர்கள் வளர்ந்த பிறகு படிப்பதற்கானது. ஒரு படம் எப்படி உருவானது, யார் ஒளிப்பதிவு செய்தார்கள், தந்திரக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று விரிவாக எழுத அங்கே இடம் இருந்தது. கல்லூரித் துறைகளும் பெரிய நாளிதழ்களும் திகில் படங்களைக் கண்டுகொள்ளாத காலம் அது. லூகாஸுக்குத் தொழிற்பயிற்சி கிடைத்தது இத்தகைய பத்திரிகைகளில்தான்.

டேவிட் குரோனன்பெர்க் இயக்கிய ‘வீடியோடுரோம்’ படப்பிடிப்பை டொரன்டோவுக்கே போய்ப் பார்த்து எழுதும் வாய்ப்பும் சினிஃபன்டாஸ்டிக் வழியாக அமைந்தது. அந்தப் படம் 1983இல் வெளிவந்தது. தன் குறிப்புகளை அவர் பத்திரமாக வைத்திருந்தார். 2008இல் அவை தனி நூலாயின.

‘வீடியோ வாட்ச்டாக்’ எப்படிப் பிறந்தது?

முதலில் அது ஒரு தொடர் பத்தியின் பெயர். ‘வாட்ச்டாக்’ என்றால் காவல் நாய். 1985இல் ‘வீடியோ டைம்ஸ்’ என்ற இதழில் தொடங்கி, பிறகு ‘கோர்ஸோன்’ என்ற இதழுக்கு மாறியது. வீட்டுக்கு வீடு வீடியோ கேசட் வந்துகொண்டிருந்த நேரம். இருபது ஆண்டுகளாக யாரும் பார்க்காத ஐரோப்பியத் திகில் படங்கள் வாடகைக் கடைகளின் அலமாரிகளுக்கு வந்துசேர்ந்தன. ஆனால் வந்தவை எவை? அட்டையில் ஒரு பெயர், படத்தின் தொடக்கத்தில் இன்னொரு பெயர். அகலத்திரைப் படத்தின் இரு பக்கங்களையும் வெட்டித் தொலைக்காட்சிப் பெட்டியின் சதுரத்துக்குள் அடைத்திருந்தார்கள். காட்சிகள் காணாமல் போயிருந்தன. வாங்குபவருக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அந்தக் காவலை லூகாஸ் ஏற்றுக்கொண்டார். பத்திக்குள் அடங்காத அளவுக்குச் செய்தி சேர்ந்தபோது, 1990இல் அதுவே தனிப் பத்திரிகையாயிற்று.

முதல் இதழிலேயே ஸ்பானிய இயக்குநர் ஜெஸ் ஃபிராங்கோவைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். நூற்றைம்பது படங்களுக்கு மேல் எடுத்தவர், பல புனைபெயர்களில் ஒளிந்துகொண்டவர், விமர்சகர்கள் ஒரு வரியில் தள்ளிவிட்டவர் ஃபிராங்கோ. அவருடைய ஒரு படத்தை அறிய வேண்டுமானால் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்பது அந்தக் கட்டுரையின் வாதம். ஒரு படத்தில் மின்னி மறையும் முகமோ இசையோ இன்னொன்றில் விரிகிறது என்று அவர் காட்டினார். ஃபிராங்கோவுக்கு 2009இல் ஸ்பெயினின் திரைப்பட விருதான கோயாவின் கௌரவ விருது கிடைத்தது. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவரை மதித்து எழுதப்பட்ட கட்டுரை இது.

ஒரே படத்துக்கு ஏன் இத்தனை வடிவங்கள்?

லூகாஸின் வாழ்க்கைப் பணியே இந்தக் கேள்விதான். ஆகவே ஒரே ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம்.

பாவா 1963இல் மூன்று குறுங்கதைகள் கொண்ட ஒரு படம் எடுத்தார். கதைகளை அறிமுகம் செய்பவர் திகில் பட நடிகர் போரிஸ் கார்லாஃப். இரத்தக்காட்டேரிக் கதையில் அவரே நடிக்கவும் செய்கிறார். இத்தாலியப் பிரதியில் முதலில் ‘தொலைபேசி’, அடுத்து இரத்தக்காட்டேரிக் கதை, கடைசியில் ‘நீர்த்துளி’. இறந்த மூதாட்டி ஒருவரின் விரலிலிருந்து மோதிரத்தைத் திருடும் செவிலியின் கதை அந்த மூன்றாவது. அமெரிக்காவில் இந்தப் படத்தை ‘பிளாக் சபாத்’ என்ற பெயரில் வெளியிட்ட அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம் வரிசையையே மாற்றியது. நீர்த்துளி முதலில் வந்தது, இரத்தக்காட்டேரி கடைசிக்குப் போனது. ரொபெர்ட்டோ நிகொலோசியின் இசையை எடுத்துவிட்டு லெஸ் பாக்ஸ்டரின் இசையைப் போட்டார்கள்.

தொலைபேசிக் கதைக்கு நேர்ந்ததுதான் மிகப் பெரிய கொடுமை. மூலத்தில் அது பேய்க்கதையே அல்ல. ஒரு பெண், அவளுடைய பழைய காதலன், அவளை நேசித்த இன்னொரு பெண் ஆகிய மூவருக்கிடையே பழிவாங்கலும் ஆசையும் பின்னிய குற்றக்கதை. இரண்டு பெண்களுக்கிடையே உள்ள உறவு அமெரிக்க வெளியீட்டாளர்களுக்கு ஒத்துவரவில்லை. வசனத்தை மாற்றி, இறந்தவன் பேசுவதாக ஆக்கி, அதை ஆவிக்கதையாக்கிவிட்டார்கள்.

இத்தாலியப் பிரதியின் முடிவில் கார்லாஃப் குதிரையில் விரைந்து வருகிறார். கேமரா பின்வாங்க, அது பொம்மைக் குதிரை என்றும், பணியாளர்கள் மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள் என்றும் தெரிகிறது. மூன்று கதைகளிலும் நம்மை நடுங்கவைத்துவிட்டு, அந்த நடுக்கம் எப்படிச் செய்யப்பட்டது என்று இயக்குநரே திறந்து காட்டும் இடம் அது. அமெரிக்கப் பிரதியில் அது இல்லை. அமெரிக்கப் பிரதியை மட்டும் பார்த்து பாவாவை எடைபோட்டவர்கள், அவர் எடுக்காத ஒரு படத்தையே எடைபோட்டார்கள்.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிய ஏடுகளை அருகருகே வைத்துப் பாட வேறுபாடு குறித்ததை நாம் அறிவோம். லூகாஸ் கேசட்டுகளை வைத்துச் செய்ததும் அதே வேலைதான்.

ஓடும் நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்துவைத்ததன் காரணம்?

வெட்டுப்பட்ட படத்தைக் கண்டுபிடிக்கும் முதல் தடயம் நேரம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. திரையரங்கில் படம் நொடிக்கு 24 சட்டகங்களாக (ஃபிரேம்களாக) ஓடும். ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறைத் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது நொடிக்கு 25 ஆக்கிவிடுவார்கள். எனவே 100 நிமிடப் படம் 96 நிமிடங்களில் முடிந்துவிடும், குரல்களும் சற்றே உயரும். அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் இப்படி வேகம் அதிகரிக்காது. இது தெரியாதவர், பிரிட்டன் கேசட் நான்கு நிமிடம் குறைவாக இருப்பதைக் கண்டு தணிக்கை வெட்டிவிட்டது என்று எழுதிவிடுவார். உண்மையில் ஒரு சட்டகம்கூடக் குறைந்திருக்காது. நேரத்தைக் குறித்து, முறையைக் கணக்கில் கொண்டு, பிறகு காட்சி காட்சியாக ஒப்பிட்டால்தான் உண்மை வரும். வீடியோ வாட்ச்டாக் தன் வாசகர்களுக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது.

தணிக்கையில் பாவாவின் படங்கள் சிக்கினவா?

சிக்கின. ‘பிளாக் சண்டே’ என்று அறியப்படும் அவருடைய முதல் படம் 1960இல் வெளிவந்தது. பிரிட்டனில் 1968 வரை அதற்கு அனுமதி இல்லை. 1980களில் அங்கே ‘வீடியோ நாஸ்டி’ (அருவருப்பான வீடியோ) என்று 72 படங்களைப் பட்டியலிட்டபோது, 1971இல் அவர் எடுத்த ‘எ பே ஆஃப் ப்ளட்’ படமும் அதில் இருந்தது.

டோனா லூகாஸின் பங்கு என்ன?

இணை வெளியீட்டாளர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமல்ல. பக்க வடிவமைப்பு, அச்சு வேலை, சந்தா, கணக்கு என்று பத்திரிகை நாள்தவறாமல் நடப்பதற்கான பொறுப்பு அவரிடம் இருந்தது. பாவா நூலை வடிவமைத்தவரும் அவரே. பின்னால் அலுவலகமோ முதலாளியோ இல்லாமல் ஒரு வீட்டிலிருந்து இத்தனை ஆண்டுகள் ஒரு பத்திரிகை வந்தது. எழுதியவரின் பெயர் மட்டும் நினைவில் நின்று, அதை அச்சில் நிற்கவைத்தவரின் பெயர் மறைந்துபோவது பத்திரிகை உலகில் எங்கும் நடக்கிறது. இங்கே அப்படி நடக்கக்கூடாது.

மரியோ பாவா யார்? அவருக்காக ஏன் 32 ஆண்டுகள்?

பாவா 1914இல் சான் ரெமோவில் பிறந்தார். தந்தை யூஜெனியோ பாவா சிற்பி, மௌனப்பட காலத்திலிருந்தே ஒளிப்பதிவும் தந்திரக் காட்சிகளும் செய்தவர். ஓவியராக விரும்பிய மகன் தந்தையிடம் தொழில் கற்று ஒளிப்பதிவாளரானார். இயக்குநராக அவர் பெயர் தாங்கிய முதல் படம் வந்தபோது வயது 46. 1980 ஏப்ரலில் இறந்தார்.

லூகாஸ் அவரைப் பற்றி ஆராயத் தொடங்கியது 1975 அளவில். நூல் வெளிவந்தது 2007இல். நீண்ட கட்டுரையாக முடிந்திருக்க வேண்டியது ஏன் இப்படி வளர்ந்தது என்பதற்கு மூன்று காரணங்களாவது எனக்குத் தெரிகின்றன.

பாவா செய்த வேலையில் பாதி அவர் பெயரில் இல்லை. இத்தாலிய இயக்குநர் ரிக்கார்டோ ஃப்ரேடா 1950களின் இறுதியில் இயக்கிய இரண்டு திகில் படங்களை அவர் பாதியில் விட்டு விலக, ஒளிப்பதிவாளர் பாவாதான் முடித்துக் கொடுத்தார். அவற்றில் ஒன்றில் ஓர் அழகி ஒரே காட்சியில், வெட்டே இல்லாமல், கிழவியாகிறாள். முகத்தில் வண்ண ஒப்பனையால் சுருக்கங்களை வரைந்து, விளக்கின் முன் வண்ணக் கண்ணாடியை மாற்றுவதுதான் உத்தி. கருப்பு வெள்ளைப் படச்சுருளில் நிறம் பதியாது, சுருக்கம் மட்டும் தோன்றும். இன்னொன்றில் வரும் உருவமற்ற அசுரப் பிராணி மாட்டின் இரைப்பையால் செய்யப்பட்டது. இவற்றையெல்லாம் யார் செய்தார்கள் என்று திரையில் ஓடும் பெயர்ப்பட்டியல் சொல்லாது. உடன் வேலை செய்தவர்களைத் தேடிக் கேட்டுத்தான் அறிய முடியும்.

பெயர்ப்பட்டியலே பொய் சொல்லும் என்பது அடுத்த தொல்லை. இத்தாலியப் படம் என்று தெரிந்தால் ஓடாது என்று அஞ்சிய காலத்தில் ஃப்ரேடா ‘ராபர்ட் ஹாம்ப்டன்’ ஆனார், அந்தோனியோ மார்கெரித்தி ‘ஆந்தனி டாசன்’ ஆனார், பாவா ‘ஜான் எம். ஓல்ட்’ ஆனார்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது பாவாவின் அடக்கம். பேட்டிகளில் தன் படங்களைத் தானே தாழ்த்திப் பேசிவிடுவார். கலைஞர் சொன்னதையே சாட்சியாகக் கொண்டு எழுதுவது வரலாற்றாசிரியருக்கு எளிது. பாவாவின் விஷயத்தில் அது அவருக்கே அநீதியாகிவிடும். எனவே லூகாஸ் படங்களையே சாட்சியாகக் கொண்டார். எந்த ஒளி எங்கிருந்து வருகிறது, எது கண்ணாடியில் வரைந்த ஓவியம், எது சிறிய மாதிரி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்.

ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே படங்களும் மாறிக்கொண்டிருந்தன. ‘லிசா அண்ட் தி டெவில்’ 1973இல் முடிந்தும் வாங்குவார் இல்லை. பேயோட்டும் படங்களுக்குத் திடீர் மவுசு வந்ததும் தயாரிப்பாளர் ஒரு பாதிரியார் பாத்திரத்தைச் சேர்த்துப் புதிய காட்சிகள் எடுத்து, 1975இல் ‘தி ஹவுஸ் ஆஃப் எக்சார்சிசம்’ என்று வெளியிட்டார். கனவு போன்ற ஒரு படம் அடையாளமே தெரியாமல் போயிற்று. 1974இல் எடுத்த ‘ராபிட் டாக்ஸ்’ தயாரிப்பாளரின் பண முடையால் முடங்கி, பாவா இறந்து பல ஆண்டுகள் கழித்து 1990களில்தான் வெளிவந்தது. பேயோ மாயமோ இல்லாமல், ஏறக்குறைய முழுவதும் ஒரு காருக்குள்ளேயே நடக்கும் கடத்தல் கதை அது. 1980களிலேயே நூல் வந்திருந்தால், பாவாவின் மிகக் கடுமையான படத்தைப் பற்றி அதில் என்ன இருந்திருக்கும்?

அந்த நூலை யார் வெளியிட்டார்கள்?

லூகாஸ் தம்பதியே வெளியிட்டார்கள். பாவா நூல் தயாரிப்பில் இருந்தபோதே வாசகர்கள் முன்பணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். முன்னுரை அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி எழுதியது. ஃப்ரேடாவின் அணிந்துரையும் உண்டு. அவர் 1999இலேயே காலமாகிவிட்டார், நூலைப் பார்க்கவில்லை. ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள நூல் அது, மடியில் வைத்துப் படிக்க முடியாது, மேசை வேண்டும். அறிவியல் புனைவு, திகில் படங்களுக்கான சாட்டர்ன் விருதுகளின் குழு அதற்குச் சிறப்பு விருது அளித்தது.

விளக்கவுரைப் பதிவு என்பது என்ன வேலை?

டிவிடி, ப்ளூரே வட்டுகளில் படம் ஓடும்போதே அறிஞர் ஒருவர் பேசிக்கொண்டு வரும் தனி ஒலித்தடம். லூகாஸ் பாவாவின் பெரும்பாலான முக்கியப் படங்களுக்கும் வேறு பல ஐரோப்பியப் படங்களுக்கும் பேசியிருக்கிறார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். தொண்ணூறு நிமிடம் நிமிடத்துக்கு 120 சொற்கள் என்று பேசினாலும் பத்தாயிரம் சொற்களைத் தாண்டிவிடும். அது ஒரு சிறு நூலின் பாதி. சொல்ல வேண்டியது சரியான காட்சியின் மேல் வந்து விழவும் வேண்டும். நடிகையின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது முக்கியமான ஒளியமைப்பு கடந்துபோய்விட்டால் திரும்ப வராது. அச்சில் வந்த ஆய்வை விட இந்தப் பதிவுகள் வழியாகத்தான் இன்றைய இளைஞர்கள் அவரை அறிகிறார்கள்.

நாவல்களும் எழுதியிருக்கிறாரா?

ஆம். முதல் நாவலான ‘த்ரோட் ஸ்ப்ராக்கெட்ஸ்’ 1994இல் வந்தது. விளம்பரத் துறையில் இருக்கும் ஒருவன் தற்செயலாகப் பார்த்த ஒரு விசித்திரப் படத்தின் மேல் பித்தாகி, அதன் மூலத்தைத் தேடி அலைகிறான். ஆய்வாளரின் தாகம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்று அவரே நெருங்கிப் பார்த்த கதை என்றே நான் படிக்கிறேன். 2005இல் டிராகுலா கதையின் ரென்ஃபீல்டை மையமாக வைத்து இன்னொரு நாவல் எழுதினார்.

பத்திரிகை ஏன் நின்றது?

சிறு பத்திரிகைகளை நிறுத்திய அதே காரணங்கள்தான்: விற்பனை நிலையங்கள் குறைந்தன, வாசிப்பு இணையத்துக்குப் போனது. 2016இல் முடிவை அறிவித்தார்கள். அதற்குள் அது சொல்லிக்கொடுத்த அளவுகோல்களை வட்டு வெளியிடும் நிறுவனங்களே ஏற்றுக்கொண்டிருந்தன. இத்தாலியப் பிரதியும் அமெரிக்கப் பிரதியும் ஒரே பெட்டியில், மூல இசையும் மாற்று இசையும் தனித்தனித் தடங்களில் என்று இன்று விற்கிறார்கள்.

இப்படிப்பட்ட படங்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? வன்முறையை ரசிப்பதாகாதா?

கேள்வி நேர்மையானது. இவற்றில் சில படங்கள் உண்மையிலேயே அருவருப்பானவை, சில பெண்களை மிகக் கேவலமாகக் காட்டுகின்றன. அதை மறைத்து எழுதும் ரசிகர்களை நான் மதிப்பதில்லை. ஆனால் முழுப் படத்தையும் பார்க்காதவருக்கு அதைக் கண்டிக்கும் உரிமையும் இல்லை. பாவா 1963இல் இரு பெண்களின் ஆசையை மறைக்காமல் காட்டினார், வெளியீட்டாளர்கள் ஆவியைக் கொண்டு அதை மூடினார்கள். ஒரு சமூகம் எதற்கு அஞ்சியது என்பதை இந்த வெட்டுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆராயாமல் விட்டால் வெட்டியவர் சொன்னதே வரலாறாகிவிடும்.

நானும் இப்படி எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு படத்தில் தொடங்குங்கள். கிடைக்கும் எல்லாப் பிரதிகளையும் பாருங்கள். ஒவ்வொன்றின் நேரம், பெயர்ப்பட்டியல், முதல் காட்சி, கடைசிக் காட்சி ஆகியவற்றை எழுதிவையுங்கள். எந்த நிறுவனத்தின் எந்த வட்டு என்பதையும் குறியுங்கள், பத்து ஆண்டு கழித்து அது இல்லாமல் உங்கள் குறிப்புக்குப் பயன் இருக்காது. உடன் வேலை செய்தவர்கள் உயிரோடு இருந்தால் உடனே பேசுங்கள். உதவி ஒளிப்பதிவாளர், ஒப்பனையாளர், படத்தொகுப்பு உதவியாளர் ஆகியோரை முதலில் தேடுங்கள். இயக்குநர் ஏற்கெனவே பலரிடம் பேசியிருப்பார்.

வருமானத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். இதற்கென்று மாதச் சம்பளம் தரும் வேலை அரிது. பத்தி, பத்திரிகை, நூல், விளக்கவுரை, நாவல் என்று லூகாஸே பல வாய்க்கால்களில் பிழைத்தவர். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ திரைப்பட இதழிலும் அவர் பத்தி எழுதிவந்தார்.

இதே துறையில் வேறு யாரைப் படிக்கலாம்?

பிரிட்டனின் கிம் நியூமன் 1980களில் எழுதிய நவீனத் திகில் பட வரலாறு விசாலமானது. எந்தப் படத்தையும் தாழ்வாக நினைக்காத மனம் அவருடையது. டாம் வீவர் 1950களின் மலிவுப் படங்களில் நடித்தவர்களையும் பணியாற்றியவர்களையும் தேடிப்போய் எடுத்த பேட்டிகள் பல தொகுதிகளாக உள்ளன. ஆலன் ஜோன்ஸ் பாவாவுக்குப் பின் வந்த இத்தாலிய இயக்குநர் தாரியோ ஆர்ஜெந்தோவைத் தொடர்ந்து எழுதியவர், லண்டனின் ஃப்ரைட்ஃபெஸ்ட் திகில் பட விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஸ்டீஃபன் த்ரோவர் அமெரிக்காவின் சிறு ஊர்களில் சொந்தக் காசில் எடுக்கப்பட்ட திகில் படங்களுக்கு 2007இல் ஒரு பெருநூல் எழுதினார். பிறகு ஜெஸ் ஃபிராங்கோவுக்கு இரண்டு தடித்த தொகுதிகள். ஃபிராங்கோவில் ஆர்வம் உள்ளவர்கள் லூகாஸின் 1990 கட்டுரையை முதலில் படித்துவிட்டு த்ரோவருக்குப் போவது நல்லது.